வளர்ப்பு இதயச் செல்களில் துடிப்புக் கோளாறைப் படிப்பது எப்படி? ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1989-ல் வெளியான காஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவப் பரிசோதனையின் முடிவைச் சொல்லி இன்றும் இதயவியல் மாணவர்களைப் பயமுறுத்துவார்கள். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே தப்புத் துடிப்பு வரும். அதை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று நம்பி என்கைனைடும் ஃப்ளெக்கைனைடும் கொடுத்தார்கள். தப்புத் துடிப்பு அடங்கியது. ஆனால் மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களைவிட, மருந்து எடுத்தவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். அடுத்த அடி வேறு திசையிலிருந்து வந்தது. ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின், நெஞ்செரிச்சலுக்குக் கொடுத்த சிசாப்ரைடு ஆகிய இரண்டும் இதயத்துக்கான மருந்துகளே அல்ல. இருந்தும் அவை ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்றுத் தணிய எடுக்கும் நேரத்தை நீட்டி, சிலருக்கு உயிரைப் பறிக்கும் டார்சாட் என்ற துடிப்புக் கோளாறை உண்டாக்கின. முன்னது 1998-லும் பின்னது 2000-லும் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போயின.

இப்படிப்பட்ட ஆபத்தை மனிதர் உடம்பில் பார்ப்பதற்கு முன் செல் வளர்க்கும் டிஷ்ஷிலேயே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை. 2013-ல் தொடங்கிய சிபா என்ற பன்னாட்டு முயற்சி, மருந்துச் சோதனையில் மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இதயச் செல்களுக்கும் ஓர் இடம் கொடுத்தது. மீதிப் பாதி, நோயின் இயங்குமுறையைப் புரிந்துகொள்வது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஷ்ஷில் தெரிகிற ஒழுங்கற்ற துடிப்புகளில் பெரும்பாலானவை நோயல்ல, வளர்ப்பின் குறை. செல்லுக்குச் செல் இடைவெளி, ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசுச் செல்லின் பெருக்கம், வெப்பக் குறைவு, சாயத்தின் நச்சு என்று காரணங்கள் வரிசையில் நிற்கும். ஆகவே துடிப்புக் கோளாறைத் தேடுவதற்கு முன் உங்கள் டிஷ்ஷின் இயல்பு எது என்று தெரிந்திருக்க வேண்டும். கீழே வரும் படிகளில் பாதி அதற்காகத்தான்.

படி 1: எந்த வகைக் கோளாறு என்று முடிவு செய்யுங்கள்

துடிப்புக் கோளாறுகளை மூன்று கூட்டமாகப் பிரிப்பது வழக்கம். முதலாவது, துடிக்கக் கூடாத இடத்தில் செல் தானாகத் துடிப்பது. இரண்டாவது, ஒரு துடிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று கிளம்புவது. மின்னழுத்தம் முழுதும் தணிவதற்குள் கிளம்பினால் அது முன்பின்னதிர்வு. தணிந்த பிறகு, பெரும்பாலும் செல்லுக்குள் கால்சியம் நிரம்பி வழிவதால் கிளம்பினால் அது தாமதப் பின்னதிர்வு. மூன்றாவது, மின் அலை ஒரு வட்டப் பாதையில் சிக்கிக்கொண்டு நிற்காமல் சுற்றுவது. இதை மறுநுழைவு என்கிறோம்.

முதல் இரண்டும் ஒற்றைச் செல்லிலேயே நடக்கும். மூன்றாவது நடக்காது, அதற்கு ஒரு பரப்பு வேண்டும். நீங்கள் படிப்பது மறுநுழைவு என்றால் ஒற்றைச் செல்லில் எத்தனை அருமையான பதிவு எடுத்தாலும் அது கேள்விக்குப் பதில் ஆகாது.

பரப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? கோயில் தேர் ஊர்வலம் மாட வீதிகளைச் சுற்றி வருவதை நினைத்துப் பாருங்கள். ஊர்வலத்தின் நீளம் நான்கு வீதிகளின் மொத்த நீளத்தைவிட அதிகமானால் தலை வந்து வாலில் முட்டி நின்றுவிடும். மின் அலைக்கும் அதே கணக்கு. அலை ஓடும் வேகத்தை, ஒரு முறை தூண்டப்பட்ட செல் மறுபடி தூண்டுதலை ஏற்காத நேரத்தால் பெருக்கினால் அலைநீளம் வரும். எலிக்குட்டிச் செல் படலத்தில் வேகம் நொடிக்கு 20 செ.மீ., ஏற்காத நேரம் 0.15 நொடி என்றால் அலைநீளம் 3 செ.மீ. 96 குழித் தட்டில் ஒரு குழியின் குறுக்களவு சுமார் 6.4 மி.மீ., சுற்றளவு 2 செ.மீ. அலை அதற்குள் சுற்றவே இடமில்லை. 22 மி.மீ. வட்டக் கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டில் சுற்றளவு கிட்டத்தட்ட 7 செ.மீ., அதில் தாராளமாகச் சுற்றும். 96 குழித் தட்டில் ஒரு மருந்தைப் போட்டுப் பார்த்துவிட்டு ‘மறுநுழைவு வரவில்லை, ஆகவே பாதுகாப்பானது’ என்று எழுதினால், அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை.

படி 2: செல்லைத் தேர்ந்தெடுங்கள்

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. பிறந்து 1 முதல் 3 நாளான எலிக்குட்டிகளின் வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) செல்கள், ஹெச்எல்-1 என்ற நிரந்தரச் செல் வரிசை, மனித ஐபிஎஸ் செல்லிலிருந்து (வளர்ந்தவரின் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல்லாக்கியது) மாற்றி வளர்த்த இதயத் தசைச் செல்கள்.

ஹெச்எல்-1 சுண்டெலியின் மேலறைக் கட்டியிலிருந்து வந்தது. 1998-ல் கிளேகாம்ப் குழு அதை வெளியிட்டது. பிரிந்து பெருகிக்கொண்டே துடிக்கும் என்பது இதன் தனிச்சிறப்பு. மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயைப் போலச் செல்களை வேகமாகத் துடிக்க வைத்து, மரபணு வெளிப்பாடு எப்படி மாறுகிறது என்று பார்க்க நல்லது. மின்னோட்டங்களைத் துல்லியமாக அளக்க இதை நம்ப மாட்டேன்.

அலை ஓட்டம், மறுநுழைவில் சுற்றும் சுழல் அலை, ஃபைப்ரோபிளாஸ்ட் கலப்பின் விளைவு ஆகியவற்றுக்கு எலிக்குட்டிச் செல்தான் இன்றும் முதல் தேர்வு. மலிவு, சீரான படலம், நான்கே நாளில் தயார். ஆனால் க்யூடி நீளும் கேள்விக்கு எலி உதவாது. மனித வென்ட்ரிக்கிளில் துடிப்புக்குப் பின் மின்னழுத்தத்தைத் தணிக்கும் முக்கிய வாயில்களில் ஒன்று ஹெர்க் என்ற பொட்டாசியம் சானல். டெர்ஃபெனடினும் சிசாப்ரைடும் அடைத்தது அதைத்தான். வளர்ந்த எலியின் வென்ட்ரிக்கிளில் அந்தச் சானலின் பங்கு மிகக் குறைவு. நிமிடத்துக்கு 300-க்கு மேல் துடிக்கும் இதயத்துக்கு வேறு வேகமான பொட்டாசியம் ஓட்டங்கள் வேண்டியிருக்கின்றன. ஆகவே ஹெர்க் சம்பந்தப்பட்ட கேள்விக்கு மனித ஐபிஎஸ் செல்தான். நோயாளியின் சொந்த மரபணுப் பிழையோடு செல் வேண்டும் என்றாலும் அதுவே வழி. நீள் க்யூடி நோயின் முதல் வகையை 2010-லும் இரண்டாம் வகையை 2011-லும் இப்படித்தான் டிஷ்ஷில் காட்டினார்கள்.

படி 3: எலிக்குட்டிச் செல் படலம்

நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

வென்ட்ரிக்கிளை மட்டும் பிரித்து, பனியில் வைத்த உப்புக் கரைசலில் ரத்தம் போகக் கழுவி, 1 மி.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். 4 டிகிரியில் டிரிப்சினில் ஓரிரவு ஊறட்டும். மறுநாள் காலை சீரம் கலந்த மீடியத்தால் டிரிப்சினை நிறுத்திவிட்டு, 37 டிகிரியில் கொலாஜினேஸ் கொடுத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பைப்பெட்டால் மெதுவாக மேலும் கீழும் இழுங்கள். இங்கே கை அவசரப்பட்டால் செல் உடையும். உடைந்த செல்லிலிருந்து வெளிவரும் டிஎன்ஏ எல்லாவற்றையும் கோழைபோல ஒட்ட வைத்துவிடும். பைப்பெட் முனையில் நூல் நூலாகத் தொங்கினால் அதுதான் அறிகுறி. வடிகட்டி, சுழற்றி, மீடியத்தில் கலந்துகொள்ளுங்கள்.

அடுத்து முன்னொட்டல். கலவையைச் சாதாரண பிளாஸ்டிக் ஃபிளாஸ்க்கில் ஊற்றி ஒன்று முதல் இரண்டு மணி நேரம் இன்குபேட்டரில் வையுங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் முந்திக்கொண்டு அடியில் ஒட்டும், இதயத் தசைச் செல்கள் மிதக்கும். மிதப்பதை எடுத்து எண்ணி, ஃபைப்ரோனெக்டின் பூசிய 22 மி.மீ. கவர்ஸ்லிப் ஒன்றுக்குச் சுமார் 10 லட்சம் செல் வீதம் போடுங்கள். இந்த அடர்த்தியில் கஞ்சத்தனம் வேண்டாம். அடர்த்தி குறைந்தால் படலத்தில் ஓட்டை விழும். ஒவ்வொரு ஓட்டையும் அலை சுற்றுவதற்கு ஒரு மையம், அதைப் பிறகு நோய் என்று எண்ணிவிடுவோம்.

முதல் நாள் 10 சதவீதச் சீரம், பிறகு 2 சதவீதம். மிச்சமிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் பெருகாமலிருக்கப் புரோமோடிஆக்ஸியூரிடின் சேர்ப்பது வழக்கம். இரண்டாம் நாள் அங்கங்கே தீவு தீவாகத் துடிக்கும். மூன்றாம் நான்காம் நாளில் டிஷ் முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். நான்கு முதல் எட்டு நாளுக்குள் பதிவை முடித்துவிடுங்கள்.

படி 3-க்கு மாற்று: மனித ஐபிஎஸ் செல்

செல் எதுவாக வளர வேண்டும் என்பதில் பங்குள்ள டபிள்யுஎன்டி சமிக்ஞையை முதலில் தூண்டி, பிறகு அடக்குவதுதான் இதன் சாரம். முதல் நாள் அதைத் தூண்டும் சிஹெச்ஐஆர் 99021, மூன்றாம் நாள் ஐடபிள்யுபி-2 போன்ற தடுப்பான், மீடியம் ஆர்பிஎம்ஐயும் இன்சுலின் இல்லாத பி27-ம், ஏழாம் நாளிலிருந்து இன்சுலின் உள்ள பி27. எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில் துடிப்புத் தெரியும். சிஹெச்ஐஆர் அளவு செல் வரிசைக்குச் செல் வரிசை மாறும். அடுத்த ஆய்வகத்தின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் 6 முதல் 12 மைக்ரோமோலார் வரை நீங்களே போட்டுப் பாருங்கள். பிறகு குளுகோஸ் இல்லாத, லாக்டேட் மட்டும் உள்ள மீடியத்தில் சில நாள் வைத்தால் மற்றச் செல்கள் பட்டினியில் இறந்து இதயத் தசைச் செல்கள் மிஞ்சும்.

அவசரமாகப் பதினைந்தாம் நாளிலேயே அளக்காதீர்கள், முப்பது நாளாவது ஆகட்டும். அப்போதும் இவை வளர்ந்த மனிதரின் செல்கள் அல்ல, கருவிலிருக்கும் இதயத்துக்கு நெருக்கமானவை. ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 85-க்குப் பதில் மைனஸ் 60, 70 மில்லிவோல்ட்டில் நிற்கும். அதை இறுக்கிப் பிடிக்கும் ஐகே1 என்ற ஓட்டம் குறைவு, மின்தூண்டலைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டி-குழாய்கள் இல்லை, யாரும் கேட்காமலே துடிக்கும். கொஞ்சம் யோசியுங்கள்: தானாகத் துடிப்பது வளர்ந்த வென்ட்ரிக்கிள் செல்லில் நோய், இங்கே அதுவே இயல்பு. ‘தானியங்கித் துடிப்பு கூடியது’ என்ற முடிவை இந்தச் செல்லை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

படி 4: டிஷ்ஷின் இயல்பைப் பதியுங்கள்

மருந்தோ தூண்டலோ இல்லாமல், குறைந்தது மூன்று தனித்தனித் தயாரிப்புகளிலிருந்து டிஷ்களை எடுத்து வெறும் இயல்பை மட்டும் அளந்து வையுங்கள். நிமிடத் துடிப்பு, துடிப்புக்குத் துடிப்பு ஏற்ற இறக்கம், அலை வேகம், ஆக்‌ஷன் பொட்டன்ஷியலின் (ஒரு துடிப்பில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது) நீளம் எல்லாம் வேண்டும். புதியவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். பின்னால் கட்டுரையை மதிப்பிடுபவரிடம் மாட்டிக்கொள்வதும் இங்கேதான்.

இன்குபேட்டரிலிருந்து எடுத்த டிஷ் வெளியே இரண்டு காரணங்களால் மாறும். ஒன்று, வெப்பம் இறங்கும். ஹெர்க் சானல் வெப்ப மாற்றத்தால் மிகவும் பாதிக்கப்படும், ஒரு டிகிரி சறுக்கினாலும் நீளம் மாறும். இன்னொன்று, பைகார்பனேட் மீடியம் கார்பன் டையாக்சைடை இழந்து காரமாகும். ஆகவே திறந்த மேடையில் ஹெப்பிஸ் சேர்த்த டைரோடு கரைசலைப் பயன்படுத்துங்கள்: பொட்டாசியம் 5.4, கால்சியம் 1.8 மில்லிமோலார், பிஹெச் 7.4. வெப்பமானியை மேடையில் அல்ல, டிஷ்ஷுக்குள் கரைசலிலேயே வைத்து 37 காட்டுகிறதா என்று பாருங்கள். மேடையின் எண்ணுக்கும் கரைசலின் எண்ணுக்கும் இடையில் இரண்டு டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். மாற்றியபின் இருபது நிமிடம் சும்மா விடுங்கள்.

வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் தொற்றும் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவுக்கான சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள்.

படி 5: பதிவு செய்யுங்கள்

நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செல்லில் ஒட்டி அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறை ஒற்றைச் செல்லின் உண்மையான மின்னழுத்தத்தைக் கொடுக்கும். பின்னதிர்வைச் சந்தேகமின்றிக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும், கைப்பழக்கமும் வேண்டும்.

மின்முனை வரிசைத் தட்டில் செல்லைக் குத்தவே வேண்டாம். டிஷ்ஷின் அடியில் பதித்த மின்முனைகள், உதாரணத்துக்கு 200 மைக்ரான் இடைவெளியில் 60, வெளிப்புற மின்புலத்தைப் பிடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கூர்மையான முள், பின்னால் ஒரு சிறு மேடு. முள்ளிலிருந்து மேடு வரையான தூரம், டிஷ்ஷின் க்யூடி என்று வைத்துக்கொள்ளலாம். மேடு பல மின்முனைகளில் தெளிவில்லாமல் இருக்கும். மென்பொருள் எங்கேயாவது ஒரு கோடு போட்டுவிடும், அதை நம்பாமல் கண்ணால் பாருங்கள்.

சுழல் அலையைப் பார்க்க ஒளிப்பதிவு முறைதான். மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளிரும் டை-4-அனெப்ஸ் போன்ற சாயத்தைச் சில நிமிடம் ஊட்டி, பச்சை ஒளியில் தூண்டி, சிவப்பில் நொடிக்கு 500 அல்லது அதற்கு மேற்பட்ட சட்டங்களாகப் படமெடுங்கள். மின்னழுத்தம் ஏறும்போது இந்த அலைநீளத்தில் ஒளி குறையும், அதனால் வரைபடம் தலைகீழாக வரும். கவிழ்த்துப் பாருங்கள், அவ்வளவுதான். செல் சுருங்குவதால் வரும் அசைவை நிறுத்த பிளெபிஸ்டாட்டின் போடுவார்கள். அது நீல ஒளியில் சிதைந்து நச்சாகும். கால்சியத்துக்கு நீல ஒளியில் தூண்டும் ஃப்ளூஓ-4 சாயத்தையும் அதோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் மோதும். ஒளியைப் பதிவு நேரத்துக்கு மட்டும் திறந்து மூடுங்கள்.

படி 6: கோளாறைத் தூண்டுங்கள்

தூண்டல் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படி 1-ல் எடுத்த முடிவே சொல்லும்.

முன்பின்னதிர்வுக்கு மனிதச் செல்லில் ஹெர்க்கை அடைக்கும் இ-4031 அல்லது டோஃபெட்டிலைடு. டோஃபெட்டிலைடு சில நானோமோலாரிலேயே வேலை செய்யும். கரைசலில் பொட்டாசியத்தைக் குறைத்தால் விளைவு கூடும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் இழந்த நோயாளிக்கு க்யூடி மருந்து ஆபத்தாவதும் இதே காரணத்தால்தான். தாமதப் பின்னதிர்வுக்கு அட்ரினலின் போல வேலை செய்யும் ஐசோபுரோடெரினால், அல்லது செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றும் வாபைன். செல்லுக்குள் கால்சியத்தை விடும் ரயனோடின் ஏற்பியில் மரபணுப் பிழை உள்ள, சிபிவிடி என்ற பரம்பரைத் துடிப்புக் கோளாறு நோயாளியின் செல்கள் ஐசோபுரோடெரினாலுக்கு நன்றாகப் பதில் சொல்லும். அந்த நோயாளிகளுக்கு உடற்பயிற்சியிலும் பதற்றத்திலும்தான் மயக்கம் வருகிறது என்பதோடு இது பொருந்திப் போகிறது.

மறுநுழைவுக்குப் பிளாட்டினம் மின்முனை வழியாகப் பேஸிங், அதாவது தாளமான மின்தூண்டல் கொடுங்கள். முதலில் செல் பதில் சொல்லும் மிகக் குறைந்த மின்னழுத்தத்தைக் கண்டுபிடித்து, அதைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வையுங்கள். எட்டு முதல் பத்துத் துடிப்பு ஒரே இடைவெளியில், அடுத்து ஒரே ஒரு துடிப்பு மட்டும் முந்தி. அந்த முந்திய துடிப்பின் இடைவெளியை ஒவ்வொரு சுற்றிலும் 10 மில்லிநொடி குறைத்துக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் அலை ஒரு பக்கம் அடைபட்டு, மறுபக்கமாகச் சுற்றிவந்து தன் பழைய பாதையிலேயே நுழையும். சுழல் பிறந்துவிட்டது. பேஸிங்கை அணைத்த பின்னும் நிற்காமல் சுற்ற வேண்டும், அப்போதுதான் கணக்கில் சேரும்.

அது உண்மையிலேயே மறுநுழைவா, அல்லது ஏதோ ஒரு மூலையில் வேகமாகத் துடிக்கும் செல் கூட்டமா? உடலியங்கியல் ஆய்வாளர் ஜார்ஜ் மைன்ஸ் 1910-களிலேயே இதற்கு ஒரு சோதனை சொன்னார்: சுற்றும் வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் சுழற்சி நிற்க வேண்டும். கிருமி நீக்கிய ஊசி முனையால் சுழலின் மையத்திலிருந்து படலத்தின் ஓரம் வரை ஒரு கோடு கீறுங்கள். சுற்றுவது நின்றால் மறுநுழைவு. வேகம் குறையாமல் வேறெங்கிருந்தோ அலை வந்துகொண்டேயிருந்தால் அது தானியங்கி மையம். டிஷ் போய்விடுமே என்று தயங்காதீர்கள், இந்த ஒரு கீறல் பத்துப் பக்க வாதத்தை மிச்சப்படுத்தும். சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் இதே சுழல்களைக் கணினி மாதிரிகளில் ஆராய்கிறார்கள். அங்கே கீறுவதற்கு ஊசி வேண்டாம், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

படி 7: கணக்கு

துடிப்பு மெதுவானால் ஆக்‌ஷன் பொட்டன்ஷியலின் நீளமும் தானாகக் கூடும். ஆகவே நீளத்தைத் துடிப்பு இடைவெளியின் கனமூலத்தால் வகுக்கும் ஃபிரிடெரிசியா திருத்தத்தை இங்கும் போடுகிறார்கள். மருந்துக்கு முன் இடைவெளி 1 நொடி, நீளம் 400 மில்லிநொடி. மருந்துக்குப் பின் இடைவெளி 1.5 நொடி, நீளம் 458. பார்த்தவுடன் ‘58 கூடிவிட்டது’ என்று தோன்றும். 1.5-ன் கனமூலம் 1.145, வகுத்தால் மறுபடியும் 400. மருந்து துடிப்பை மெதுவாக்கியதே தவிர நீட்டவில்லை. ஆனால் இந்தச் சூத்திரம் மனித ஈசிஜிக்கு எழுதப்பட்டது, டிஷ் அதற்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமில்லை. முடிந்தால் எல்லா டிஷ்களையும் ஒரே வேகத்தில் பேஸிங் செய்து அளந்துவிடுங்கள், திருத்தமே தேவைப்படாது.

ஒப்பீட்டுக்கு மூன்று டிஷ் எப்போதும் வேண்டும். மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ மட்டும் உள்ள டிஷ் ஒன்று, 0.1 சதவீதத்தைத் தாண்டாமல். டோஃபெட்டிலைடு போட்டது ஒன்று. வெராபமில் போட்டது ஒன்று. வெராபமிலும் ஹெர்க்கை அடைக்கும், ஆனால் கால்சியம் சானலையும் சேர்த்து அடைப்பதால் டார்சாட் அபாயம் குறைவு. உங்கள் முறை டோஃபெட்டிலைடையும் வெராபமிலையும் பிரித்துக் காட்டவில்லை என்றால், புதிய மருந்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

எண்ணிக்கை விஷயத்தில் கறாராக இருங்கள். ஒரே நாளில் ஒரே குட்டிக் கூட்டத்திலிருந்து எடுத்த பன்னிரண்டு டிஷ், பன்னிரண்டு அல்ல, ஒன்று. தயாரிப்பு நாள்தான் அலகு. ஐபிஎஸ் செல்லில் ஒவ்வொரு மாற்றுச் சுற்றும் ஓர் அலகு, மரபணுப் பிழையைத் திருத்திய அதே நோயாளியின் செல் ஒப்பீட்டுக்கு உகந்தது. எந்த டிஷ்ஷில் எந்த மருந்து என்பது தெரியாத ஒருவர் வரைபடங்களைத் தரம் பிரிக்கட்டும்.

எந்த டிஷ்ஷை ஒதுக்குவது என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதி வையுங்கள். படலத்தில் ஓட்டை தெரிந்தால், அலை வேகம் உங்கள் இயல்பு எல்லைக்குக் கீழே இருந்தால், தூண்டும் முன்பே சுழல் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த டிஷ் வெளியே. பதிவு முடிந்ததும் கரைசலை மாற்றி மருந்தைக் கழுவிவிட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். இயல்பு திரும்பினால் மருந்தின் விளைவு. திரும்பவில்லை என்றால் மருந்து எளிதில் கழுவிப் போகாதது என்பதும் காரணமாக இருக்கலாம், சாயமோ ஒளியோ நேரமோ செல்லைக் கெடுத்ததும் காரணமாக இருக்கலாம். மருந்தில்லாத டிஷ்ஷையும் அதே நேரம் அதே ஒளியில் வைத்து அளந்திருந்தால்தான் எது என்று பிரிக்க முடியும்.